படையில் ஒரு மௌலவி



சென்ற ஷஃபான் மாதத்தின் கடைசி வாரம், அஸர் தொழுகைக்குப் பிறகு, நமது மத்ரஸாவின் திண்ணையில் ஒரு தாயும் மகனும் நம் எதிரே வந்தமர்ந்தனர். மகன் நம்மிடம் ஏழாண்டுகள் ஓதியவர். ஆலிம் பட்டம் பெற்றபின் தொலைதூரக் கல்வியில் பி.ஏ. முடித்து, பக்கத்து ஊர்ப் பள்ளிவாசலில் இமாமாகப் பணிபுரிகிறார். வயது 27. அவர் கையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று, இந்திய ராணுவத்தில் சமய ஆசிரியர் பணிக்கு ஆள் எடுக்கும் அறிவிப்பு. மற்றொன்று, நாம் கையெழுத்திட வேண்டிய நடத்தைச் சான்றிதழ்.

அவர் பேசத் தொடங்கும் முன்பே அவருடைய தாயார், முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, "கையெழுத்துப் போட்டுடாதீங்க ஹஜ்ரத்" என்றார்.

நாம் அன்று கையெழுத்திடவில்லை. இடமாட்டோம் என்றும் சொல்லவில்லை. விண்ணப்பிக்க இன்னும் நாள் இருந்தது. ரமளான் கழியட்டும் என்று சொல்லி இருவரையும் அனுப்பி வைத்தோம். அந்த அம்மையார் திருப்தியோடு போனார். மகனார் தலை குனிந்து போனார். முடிவெடுக்கத் துணிவில்லாதவன் அவகாசம் கேட்பான் என்பதை இருவரும் அறிந்திருக்கவில்லை, நமக்குத் தெரிந்திருந்தது.

மௌலவிக்கு ராணுவத்தில் என்ன வேலை என்று கேட்பவர்கள் நம்மில் அதிகம். சில ஆண்டுகளுக்கு முன்புவரை நாமும் அப்படிக் கேட்டவர்களே. இந்திய ராணுவத்தில் பண்டிதர், கிரந்தி, பாதிரியார், பௌத்தத் துறவி ஆகியோரைப் போலவே மௌலவியும் நாயப் சுபேதார் தரத்தில் பணியமர்த்தப்படுகிறார். பட்டப்படிப்போடு, அரபியில் மௌலவி ஆலிம் அல்லது உருதுவில் அதீப் ஆலிம் தகுதி வேண்டும். எழுத்துத் தேர்வு உண்டு, நேர்காணல் உண்டு. எட்டு நிமிடத்தில் 1.6 கிலோமீட்டர் ஓடவும் வேண்டும். (நமது மத்ரஸாக்களில் உடற்பயிற்சியை வீண் வேலை என்று கருதும் பெரியவர்கள் இந்த ஒரு நிபந்தனையைச் சற்றுச் சிந்திக்கலாம்.) புனேயில் உள்ள தேசிய ஒருமைப்பாட்டு நிறுவனத்தில் எல்லாச் சமயத்து ஆசிரியர்களும் ஒன்றாகப் பயிற்சி பெறுகின்றனர்.

அறிவிப்பில் பணிகளைப் பட்டியலிட்டிருந்தார்கள். தொழுகை நடத்துதல், ஜனாஸாவில் பங்கேற்றல், மருத்துவமனையில் கிடக்கும் நோயாளிகளுக்கு ஆறுதல் அளித்தல், குணமடைந்து வருவோருடன் பிரார்த்தித்தல், சிப்பாய்களின் பிள்ளைகளுக்கு மார்க்கக் கல்வி புகட்டுதல். இவற்றோடு, தண்டனை அனுபவிக்கும் படைவீரர்களைச் சென்று காணுதல் என்று ஒரு வரி. நமது கண் அந்த வரியில் நின்றுவிட்டது. தண்டனை பெற்றவன் எதற்காகப் பெற்றான்? கட்டளையை மீறியதற்காகவா, நிறைவேற்றக்கூடாத கட்டளையை நிறைவேற்றியதற்காகவா? இரு வகையினரின் எதிரிலும் போய் அமரப்போகிறவர் நம்மிடம் ஓதிய பிள்ளை.

தாயாரின் அச்சம் மரணத்தைப் பற்றியதன்று. அதை அவர் மறுநாள் நம் வீட்டாரிடம் தெளிவாகவே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மவுத்து எழுதியபடி வரும். சோற்றுப் பாத்திரத்துக்கு முன்னாலும் வரும். "அவங்க என்ன செய்யச் சொன்னாலும் செய்யணுமே, அதுக்கு இவன் துஆ ஓதிக்கிட்டு நிக்கணுமே" என்பதே அவருடைய கேள்வி. பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட ஒரு பெண்மணியின் கேள்வி அது. போர் நெறி பற்றி எழுதப்பட்ட பெரிய நூல்கள் எல்லாம் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் வட்டமிடுகின்றன.

அவர் காரணமின்றி அஞ்சவில்லை. 2010ஆம் ஆண்டு காஷ்மீரின் மச்சில் பகுதியில் மூன்று கிராமத்து இளைஞர்கள், வேலை தருவதாக எல்லைப் பக்கம் அழைத்துச் செல்லப்பட்டு, ஊடுருவ வந்தவர்கள் என்று சொல்லிச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ராணுவ நீதிமன்றமே விசாரித்து, ஓர் உயரதிகாரி உட்படப் படையினருக்கு 2014இல் ஆயுள் தண்டனை விதித்தது. 2017இல் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் அத்தண்டனையை நிறுத்தி வைத்து ஜாமீன் வழங்கியது. இச்செய்தி தமிழ்ப் பத்திரிகைகளில் வந்தபோது அதைப் படித்துக் காட்டியவர் அந்த அம்மையாரின் மகன்தான் என்பதையும் அன்றுதான் அறிந்தோம்.

ரமளானின் முதல் பத்து நாட்கள், ஸஹருக்கும் சுப்ஹுக்கும் இடைப்பட்ட நேரத்தில், இந்த விஷயத்திற்காகக் கிதாபுகளைப் புரட்டினோம். கட்டுப்படுதல் பற்றிய ஹதீஸ்களை நாம் ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறோம். அன்ஸாரி ஒருவரைத் தளபதியாக்கி நபி (ஸல்) அவர்கள் அனுப்பிய படையில், அந்தத் தளபதி கோபமுற்று, விறகு சேர்த்து நெருப்பு மூட்டி, தமக்குக் கட்டுப்பட்டு அதில் இறங்குமாறு தம் வீரர்களுக்கு ஆணையிட்ட வரலாறு எல்லா மாணவர்களுக்கும் மனப்பாடம். சிலர் இறங்கவும் எண்ணினார்கள். மற்றவர்கள், நரக நெருப்பிலிருந்து தப்பத்தானே நபியவர்களிடம் ஓடி வந்தோம் என்று தயங்கி நின்றார்கள். அதற்குள் நெருப்பும் அணைந்தது, தளபதியின் கோபமும் தணிந்தது. செய்தி மதீனாவுக்கு வந்தபோது, அவர்கள் அதில் இறங்கியிருந்தால் அதிலிருந்து ஒருபோதும் வெளியேறியிருக்க மாட்டார்கள் என்றும், கட்டுப்படுதல் நன்மையான காரியத்தில் மட்டுமே என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். அலீ (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றிருப்பது இது.

ஆனால் அந்த நாட்களில் நம்மை அதிகம் தூங்கவிடாமல் செய்தது வேறொரு நிகழ்ச்சி. மக்கா வெற்றிக்குப் பிறகு, ஹிஜ்ரி 8இல், காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் பனூ ஜதீமா கூட்டத்தாரிடம் அனுப்பப்பட்டார்கள். அம்மக்கள் இஸ்லாத்தை ஏற்றோம் என்று முறையாகச் சொல்லத் தெரியாமல், பழைய மதத்திலிருந்து மாறினோம் என்னும் பொருளில் வேறு ஒரு சொல்லைச் சொன்னார்கள். காலித் (ரலி) அவர்கள் அதை ஏற்கவில்லை. சிலர் கொல்லப்பட்டார்கள், எஞ்சியோர் கைதிகளாகப் பிடிக்கப்பட்டு, வீரர்களிடம் ஆளுக்கொருவராக ஒப்படைக்கப்பட்டார்கள். பிறகொரு நாள், ஒவ்வொருவரும் தத்தம் கைதியைக் கொல்ல வேண்டும் என்ற ஆணை வந்தது. அந்தப் படையில் இப்னு உமர் (ரலி) அவர்களும் இருந்தார்கள். உஹதுப் போரின்போது 14 வயதினர் என்று திருப்பியனுப்பப்பட்டவர். இப்போது இருபதைக்கூட எட்டாத இளைஞர். தம் கைதியைத் தாமும் கொல்லப்போவதில்லை, தம் தோழர்களும் கொல்லமாட்டார்கள் என்று அல்லாஹ்வின் மீது ஆணையிட்டுச் சொல்லிவிட்டார்கள்.

ஆணையிட்டவர் யார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அல்லாஹ்வின் வாள் என்று பெயர் பெற்ற தளபதி. எதிரே நிற்பது மீசை அரும்பிய பருவத்தைத் தாண்டிய ஓர் இளைஞர். விஷயம் நபி (ஸல்) அவர்களிடம் வந்தபோது, அவர்கள் இரு கைகளையும் உயர்த்தி, காலித் செய்ததிலிருந்து நான் விலகிக்கொள்கிறேன் என்று இருமுறை அல்லாஹ்விடம் முறையிட்டார்கள். அலீ (ரலி) அவர்களிடம் பொருள் கொடுத்து அனுப்பி, இறந்தவர்களுக்கான நட்டஈடு வழங்கப்பட்டது. நாய் நீர் குடிக்கும் பாத்திரத்தின் இழப்புக்குக்கூட விலை கணக்கிடப்பட்டது என்று சீரா நூல்கள் கூறுகின்றன. காலித் (ரலி) அவர்களின் மதிப்பை இறக்குவதற்காக இதை எழுதவில்லை. அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக. அவர்கள் பின்னும் படை நடத்தினார்கள். தவறு தவறு என்றே அறிவிக்கப்பட்டது. அதைத் தவறென்று கருதி மறுத்த இளைஞர்மீது எந்தக் குற்றமும் சாட்டப்படவில்லை. ஒரு படைக்கு ஒழுக்கம் கற்பிப்பது என்றால் இந்த இரண்டும் சேர்ந்தாக வேண்டும்.

இன்றைய படைகள் இதை எவ்வாறு கற்பிக்கின்றன என்று தேடியபோது, நாம் எதிர்பார்த்ததைவிட நெருக்கமான சொற்களையே கண்டோம். டேராடூன் ராணுவ அகாடமியின் தொடக்க விழாவில் 1932இல் தளபதி செட்வுட் ஆற்றிய உரையின் ஒரு பகுதி, இன்றுவரை அங்கு பயிற்சி பெறும் ஒவ்வோர் இளம் அதிகாரிக்கும் மனப்பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. நாட்டின் பாதுகாப்பும் மானமும் முதலாவது. தன்கீழ் உள்ள வீரர்களின் நலன் அடுத்தது. தன் சுகம் எப்போதும் கடைசி என்பது அதன் சாரம். 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம், மேலதிகாரியின் ஆணையை மீறுவதைக் கடும் குற்றமாக்குகிறது. ஆனால் அங்கே சும்மா ஆணை என்று எழுதாமல், சட்டத்திற்கு உட்பட்ட ஆணை என்றே எழுதியிருக்கிறார்கள். அந்த ஒற்றை அடைமொழி, கட்டுப்படுதல் நன்மையில் மட்டுமே என்ற நபிமொழியின் வாசலில் வந்து நிற்பதாக நமக்குத் தோன்றிற்று. மேலதிகாரி சொன்னார், செய்தேன் என்பது தப்பிக்கும் வழியாகாது என்று இரண்டாம் உலகப் போருக்குப் பின் நூரம்பர்க் விசாரணையிலும் நிறுவப்பட்டுவிட்டது.

ஏட்டில் எழுதியிருப்பது களத்தில் நிற்குமா என்பதே தாயாரின் கேள்வி. 1968 மார்ச் 16 அன்று வியட்நாமின் மைலாய் கிராமத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும் கொன்று குவித்தார்கள். வியட்நாம் தரப்பின் கணக்கு 504 பேர். வானில் ஹெலிகாப்டர் ஓட்டிக்கொண்டிருந்த ஹியூ தாம்ப்ஸன் என்ற இளம் அதிகாரி, கீழே நடப்பதைக் கண்டு, பதுங்கியிருந்த கிராமத்தாருக்கும் அவர்களை நோக்கி வந்த தம் நாட்டுப் படையினருக்கும் நடுவே ஹெலிகாப்டரை இறக்கினார். நம்மவர்கள் இவர்கள்மீது சுட்டால் நீங்கள் அவர்களைச் சுடுங்கள் என்று தம்முடன் வந்த இருவருக்கும் சொல்லிவிட்டு, கிராமத்தாரை வெளியே அழைத்து வந்து காப்பாற்றினார். பிணங்கள் கிடந்த பள்ளத்திலிருந்து உயிரோடு ஒரு குழந்தையையும் மீட்டார்கள். ஊருக்குத் திரும்பியவருக்குத் துரோகி என்ற பட்டமே கிடைத்தது. அரசு அவருக்குப் பதக்கம் அளித்து ஒப்புக்கொள்ள 1998 வரை, முப்பது ஆண்டுகள், ஆயிற்று. அதன்பின் ராணுவக் கல்விக்கூடங்களே அவரை அழைத்து மாணவர்களிடம் பேசச் செய்தன.

ஆஸ்திரேலிய ராணுவத்தின் சிறப்புப் படையினர் ஆப்கானிஸ்தானில் நடந்துகொண்ட முறை பற்றி 2020 நவம்பரில் வெளியான விசாரணை அறிக்கை, சட்டத்திற்குப் புறம்பாக 39 பேர் கொல்லப்பட்டதற்கு நம்பத்தகுந்த தகவல்கள் உண்டு என்றது. அவற்றுள் ஒன்றைப் படித்தபோது நாம் கையிலிருந்த பேரீச்சம்பழத்தைக் கீழே வைத்துவிட்டோம். புதிதாக வந்த இளம் சிப்பாய், தன் முதல் கொலையைச் செய்து பழக வேண்டும் என்பதற்காக, பிடிபட்ட கைதியைச் சுடும்படி ரோந்துத் தளபதிகள் ஆணையிட்டிருக்கிறார்கள். கைதி, புதிய இளைஞன், ஆணை. பதினான்கு நூற்றாண்டுகள் இடைவெளியில் அதே மூன்று. இந்தப் படையினருக்கும் நெறி வகுப்புகள் நடந்திருக்கும், தேர்வு எழுதியிருப்பார்கள். கொல்லப்பட்டவர்கள் நம் தீனைச் சேர்ந்தவர்கள் என்பதால் மட்டும் மனம் பதறவில்லை. பாடத்தை ஒப்பிப்பதற்கும் அந்த நொடியில் வாய் திறப்பதற்கும் இடையே எத்தனை தூரம் என்பதை எண்ணியே பதறிற்று. நாமும் பாடம் ஒப்பிக்கச் செய்கிறவர்கள்தாமே.

அந்த மாணவரின் பாட்டனார், தந்தைவழிப் பாட்டனார், இன்னும் இருக்கிறார். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் பொறியியல் படையில், அதாவது ஊரார் சொல்லும் மெட்ராஸ் ஸாப்பர்ஸில், பணிபுரிந்தவர். அப்படையினரை மற்ற படைகள் 'தம்பிகள்' என்றழைப்பார்கள் என்று பெருமையோடு சொல்வார். எழுபத்தைந்தைத் தாண்டியும் முதல் ஸஃப்பைத் தவறவிடாதவர். தராவீஹுக்குப் பின் அவரை வழியில் நிறுத்திக் கேட்டோம். பேரன் போகலாமா, என்ன சொல்கிறீர்கள்?

அவர் போகலாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கதை ஒன்று சொன்னார். 1971 போருக்குப் பிறகு, சரணடைந்த பாகிஸ்தான் கைதிகளின் முகாம் ஒன்றில் சில மாதங்கள் காவல் பணி. முதல் வாரத்தில், இவருடன் இருந்த ஒரு சிப்பாய் ஒரு கைதியின் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டார். கைதி புகார் செய்யவில்லை. எப்படியோ சுபேதாருக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் காலை அணிவகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் அந்தச் சிப்பாயைக் கைதிகள் இருந்த கம்பி வேலிவரை நடக்கவைத்து, கடிகாரத்தை அவர் கையாலேயே அந்தக் கைதியின் மணிக்கட்டில் கட்டச் செய்தார். "வாரைக் கட்டத் தெரியாம அவன் கை நடுங்கிச்சு ஹஜ்ரத். கைதிதான் இன்னொரு கையால புடிச்சுக் குடுத்தான்." அவ்வளவுதான் கதை. வீட்டு வாசலில் நின்று செருப்பைத் துழாவிக்கொண்டே, "அந்த சுபேதார் மாதிரி ஆளு கெடச்சா போகலாம்" என்றார்.

கைபர் போர் முடிந்து திரும்பும் வழியில் அம்பு பட்டு இறந்த ஒருவரை மக்கள் ஷஹீத் என்று வாழ்த்தியபோது, பங்கிடப்படும் முன்பே அவர் எடுத்துக்கொண்ட போர்வை அவர்மீது நெருப்பாக எரிகிறது என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதும், அதைக் கேட்ட ஒருவர் தாம் எடுத்து வைத்திருந்த செருப்பு வாரைக் கொண்டுவந்து கொடுத்ததும் அன்றிரவு நம் நினைவில் வந்தன. கடிகாரத்தின் வார், செருப்பின் வார். அபூபக்ர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்கு அனுப்பிய படையின் தளபதியோடு, அவர் குதிரையில் இருக்கத் தாம் கால்நடையாகவே நடந்து சென்று சொன்ன பத்து அறிவுரைகளிலும் இது உண்டு: பெண்ணையும் குழந்தையையும் முதியவரையும் கொல்லாதே, கனிதரும் மரத்தை வெட்டாதே, குடியிருப்பைப் பாழாக்காதே, உணவுக்கன்றி ஆட்டையும் ஒட்டகத்தையும் அறுக்காதே என்பவற்றோடு, போர்ப்பொருளில் மோசடி செய்யாதே என்பதும். அமானிதம் என்பது பெரிய சோதனையில் திடீரென்று முளைப்பதன்று போலும். முதலில் கடிகாரத்தில்தான் தெரிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1999 கார்கில் போரில், மலையுச்சிகளில் விடப்பட்ட பாகிஸ்தான் வீரர்களின் உடல்கள் பலவற்றை இந்திய ராணுவமே இஸ்லாமிய முறைப்படி நல்லடக்கம் செய்தது. டைகர் ஹில்லில் கடைசிவரை போரிட்டு விழுந்த கேப்டன் கர்னல் ஷேர் கானின் உடல் திருப்பியனுப்பப்பட்டபோது, அவரது வீரத்தைக் குறிப்பிட்டு இந்தியப் படைப்பிரிவுத் தளபதி ஒரு சீட்டு எழுதி அவருடைய சட்டைப்பையில் வைத்தார். பாகிஸ்தான் அவருக்குத் தன் மிக உயர்ந்த விருதை அளித்தது. உறவினர் ஒருவர்கூட இல்லாத பனிமலையில், எதிரி என்று வந்தவருக்காகக் கைகட்டி நின்று ஜனாஸாத் தொழுகை நடத்த ஒருவர் வேண்டும். அந்தப் பணிக்கு ஆள் அனுப்பாமல் இருந்துவிட்டு, அங்கு நம்மவர் யாருமில்லை என்று குறைப்பட்டுக்கொள்வது நியாயமா என்றும் ஒரு பக்கம் தோன்றியது.

இருபத்தொன்றாம் நோன்பு இரவு, இஃதிகாஃப் இருக்க நமது பள்ளிக்கே வந்திருந்தார் அந்த மாணவர். நள்ளிரவுக்குப் பின் அவரை அருகே அழைத்து, ஓர் ஆசிரியராக அவரைச் சோதித்தோம். புதிதாகச் சேர்வோரின் சத்தியப்பிரமாண அணிவகுப்பில், குர்ஆனைக் கையில் ஏந்தி நிற்கப்போகிறவர் மௌலவி. அதைத் தொட்டு, தரையிலோ கடலிலோ வானிலோ அனுப்பும் இடம் செல்வேன், உயிருக்கு ஆபத்து வந்தாலும் மேலதிகாரிகளின் ஆணைக்குக் கட்டுப்படுவேன் என்று சிப்பாய் உறுதியளிக்கிறான். அவனே பின்னொரு நாள் உம்மிடம் வந்து, செய்யக்கூடாததைச் செய்யச் சொல்கிறார்கள் என்றால் என்ன சொல்வீர்?

அவர் அலீ (ரலி) அவர்களின் அறிவிப்பை அரபியில் பிசகாமல் ஓதினார். இப்னு உமர் (ரலி) அவர்களின் செய்தியையும் சொன்னார். ராணுவச் சட்டத்திலுள்ள அந்த அடைமொழியையும் அறிந்து வைத்திருந்தார். நமக்குள் பெருமிதம் எழுந்ததை மறைப்பானேன்?

சற்று நேரம் மௌனமாக இருந்தபின், "ஹஜ்ரத், ஒன்று சொன்னால் கோபிக்க மாட்டீங்களே" என்றார்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன், நாம் ஆசிரியப் பணிக்கு வந்த புதிதில், மத்ரஸாவின் சமையற்கட்டு உண்டியலில் இருந்த 600 ரூபாய் காணாமல் போனது. மூத்த ஆசிரியர் ஒருவர் ஒரு மாணவனைச் சுட்டிக்காட்டி, இவன்தான், விசாரித்து அடியுங்கள் என்று நம்மிடம் ஒப்படைத்தார். அந்தப் பிள்ளை ஏழை, தகப்பன் இல்லாதவன், இரண்டொரு முறை ரொட்டி எடுத்து அகப்பட்டவன். நாம் விசாரித்ததாக நினைவில்லை. அடித்தது நினைவிருக்கிறது. அந்த வாரமே அவன் மத்ரஸாவை விட்டுப் போய்விட்டான்.

"அவன் எடுக்கலை ஹஜ்ரத். அன்னிக்கு மக்ரிபிலிருந்து அவன் என் பக்கத்திலேயே படுத்திருந்தான், காய்ச்சல். எனக்குத் தெரியும். நீங்க அடிக்கும்போது நான் மூணாவது வரிசையில நின்னேன்."

ஏன் சொல்லவில்லை என்று நாம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே இல்லை. உஸ்தாதின் முன் குரல் உயர்த்துவது பரக்கத்தைக் கெடுக்கும் என்று அவருக்குக் கற்பித்தவர்கள் நாம். தீயில் இறங்கச் சொன்ன தளபதியின் ஹதீஸை அதே மாதத்தில் மனப்பாடம் செய்வித்தவர்களும் நாம். நமக்கு ஆணையிட்ட மூத்தவரிடம் சாட்சி எங்கே என்று நாம் கேட்டிருக்கலாம், நாமும் கேட்கவில்லை. மத்ரஸாவில் ஒருவரும் கேட்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பையனிடம் இப்னு உமரை எதிர்பார்த்தால், முப்பது வயது ஆசிரியரிடம் என்ன எதிர்பார்ப்பது?

"இதை ஏன் இப்போது சொல்கிறீர்?" என்று மட்டும் கேட்டோம்.

"சான்றிதழ்ல நன்னடத்தைன்னு எழுதப் போறீங்க. அதுக்கு முன்னாடி உங்களுக்குத் தெரியணும்னு நெனச்சேன்."

அந்த இரவின் எஞ்சிய பகுதியில் என்ன ஓதினோம், எவ்வளவு ஓதினோம் என்பது நமக்கு நினைவில்லை.

பெருநாள் முடிந்து, அடிபட்ட அந்தப் பிள்ளையின் தொலைபேசி எண்ணைத் தேடிப் பெற்றோம். பிள்ளை என்ன பிள்ளை. திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டர், இரண்டு குழந்தைகளின் தகப்பனார். எண் கிடைத்தும் மூன்று நாட்கள் அழைக்கவில்லை. நான்காம் நாள் அழைத்து, யாரென்று சொல்லி, நடந்ததைச் சொல்லி, மன்னிக்கும்படி கேட்டோம். பின்னணியில் இயந்திரங்களின் இரைச்சல். முதலில் சிரித்தார். "விடுங்க ஹஜ்ரத், எவ்வளவு வருஷமாச்சு" என்றார். பிறகு இரைச்சல் குறைந்தது. வெளியே வந்துவிட்டார் போலும். "அந்தக் காசு கடைசியில கெடச்சுதா?" என்று கேட்டார். கிடைக்கவில்லை என்றோம். "அப்ப எங்கம்மா கேட்டுக்கிட்டே இருந்துச்சு, எடுத்தியான்னு. மவுத்தாகுற வரைக்கும் முழுசா நம்பலை" என்றார். அதற்கு நம்மிடம் பதில் ஏதும் இல்லை. ஸலாம் சொல்லி அவரே இணைப்பைத் துண்டித்தார். மன்னித்தேன் என்ற சொல்லை அவர் சொல்லவில்லை என்பது போனைக் கீழே வைத்த பிறகுதான் புலப்பட்டது.

நடத்தைச் சான்றிதழில் கையெழுத்திட்டோம். அம்மையாரைத் தேடி நாமே நம் வீட்டாருடன் அவர் வீட்டுக்குச் சென்று அதைச் சொன்னோம். உங்கள் கேள்விக்கு எங்களிடம் முழு விடை இல்லை. ஆனால் அந்தக் கேள்வியை உங்கள் மகன் உங்களைவிடக் கூர்மையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார், அதனால்தான் கையெழுத்திட்டோம் என்றோம். அவர் தேநீர் தந்தார். பேசவில்லை. இன்றுவரை தெருவில் கண்டால் நம் வீட்டாரிடம் மட்டும் நலம் விசாரிக்கிறார்.

மத்ரஸாவில் ஒரு வழக்கத்தை மாற்றியிருக்கிறோம். ஒரு மாணவன்மீது புகார் வந்தால் அவன் பக்கத்தில் படுப்பவனை முதலில் அழைத்துக் கேட்கிறோம். பிரம்பு அலமாரிக்குள் போய்விட்டது. கட்டுப்பாடு குலைந்துவிடும் என்று மூத்தவர் ஒருவர் கோபமாக இருக்கிறார். ஓரளவு குலைந்துதான் இருக்கிறது. சென்ற வாரம், தஜ்வீத் பாடத்தில் நாம் செய்த ஒரு பிழையைப் பத்து வயதுப் பையன் ஒருவன் எழுந்து நின்று எல்லோர் முன்னிலையிலும் திருத்தினான். முகம் சிவந்தது உண்மை. அவன் சொன்னது சரியாக இருந்தது.

உடல்தகுதித் தேர்வுக்கு இன்னும் ஆறு வாரங்கள் இருக்கின்றன. சுப்ஹு தொழுகை முடிந்ததும் ஊர்க்குளத்துக் கரையில் அந்த மாணவர் ஓடுகிறார். ஒரு முனையில் கைக்கடிகாரத்தோடு நாம் நிற்கிறோம். இரண்டு சுற்று ஓடினால் 1.6 கிலோமீட்டர் ஆகும் என்று பாட்டனார் காலால் அளந்து சொல்லியிருக்கிறார். முதல் நாள் ஒன்பதரை நிமிடம். நேற்று எட்டு நிமிடம் நாற்பது வினாடி. எட்டரை என்று அறிவித்தோம், ஊக்கப்படுத்துவதற்காக. மூச்சிரைக்க நின்றவர், நம் மணிக்கட்டைப் பிடித்துத் தம் பக்கம் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "நாற்பது, ஹஜ்ரத்" என்றார்.